விமானத்தைக் காப்பாற்றியது யார்?

2024-ஆம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு 141 பிரயாணிகளோடு கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில், கிளம்பிய சிறிது நேரத்திற்குள் ஹைட்ராலிக் ஏற்பாடு பழுதாகிவிட்டது. சக்கரம், பிரேக் முதலியவைகளை எண்ணெய் அழுத்தத்தால் இயக்குவது அதுதான். உடனே இறங்கலாமென்றாலோ விமானத்தின் வயிறு நிறைய எரிபொருள். அந்த ரக விமானத்தில் அதை ஆகாயத்தில் கொட்டிவிடவும் வழியில்லை. ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த வட்டாரத்தையே சுற்றிச் சுற்றி வந்து, எரித்துப் பாரத்தைக் குறைத்துக்கொண்டு, இரவு ஒருவருக்கும் சேதமின்றி இறங்கினார்கள்.

மறுநாள் நமது வாழப்பாடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு பெரியவர், "எல்லாம் சமயபுரத்தாள் செயல், தம்பி" என்றார். "அப்படியானால் மங்களூரில் என்ன ஆயிற்று, அய்யா? அந்த ஊருக்குப் பெயரே மங்களாதேவியால் வந்தது என்கிறார்களே!" என்று கேட்டோம்.

மங்களூர் சங்கதி தெரியாதவர்களுக்காகச் சொல்லுகிறோம். 2010 மே 22-ந் தேதி காலை துபாயிலிருந்து வந்த இதே கம்பெனி விமானம், ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் மாண்டார்கள். இயந்திரத்தில் கோளாறில்லை. பின் எதில் கோளாறு? தலைமை விமானி வழியில் தூங்கிவிட்டார். பேச்சைப் பதிவு செய்யும் கருவியில் ஒரு மணி நாற்பது நிமிஷத்துக்கு அவர் பேச்சே இல்லை, குறட்டைதான் கேட்டது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவனுக்குக் கொஞ்ச நேரம் புத்தி மந்தமாயிருக்கும். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும் குடியானவரைக் கேட்டால் இதைச் சொல்லுவாரே! இதற்கு விதியையும் கிரகத்தையும் ஏன் இழுக்கவேண்டும்? 2024 ஜனவரியில், விமானிகளுக்கு வாரத்தில் 36 மணியாயிருந்த தொடர் ஓய்வை 48 மணியாக்கி சர்க்கார் விதி செய்தது. கம்பெனிகள் ஆட்சேபித்தன, அது அமலுக்கு வர 2025 ஜூலை ஆயிற்று.

நிற்க. தூக்கத்தைவிடக் கொடியது ஒன்று அங்கே நடந்தது. விமானம் மிதமிஞ்சிய உயரத்தில் வருகிறது, இறங்காமல் மேலே எழுப்பிச் சுற்றி வரவேண்டும் என்று துணை விமானி ஒரு தடவையல்ல, மூன்று தடவை சொன்னார். தலைவர் கேட்கவில்லை. துணைவரும் சொன்னதோடு நின்றாரேயொழிய, கைப்பிடியைத் தாம் வாங்கவில்லை. 8,000 அடி ஓடுபாதையில் சுமார் 5,200 அடி கழிந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது.

இது நம்மவருக்கு மட்டும் உள்ள வியாதி என்று வெள்ளைக்காரன் மார்தட்ட வேண்டாம். 1977 மார்ச் 27-ல் டெனரீஃப் தீவில், மூடுபனியில், உத்தரவு வருமுன்பே ஒரு டச்சு விமானத்தைத் தலைமை விமானி கிளப்பினார். "முன்னால் உள்ள விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ?" என்று கூட இருந்த என்ஜினீயர் சந்தேகம் கேட்டார். தலைமை விமானியோ கம்பெனியில் மகா பெரியவர். மற்ற விமானிகளுக்குப் போதிப்பவர். அவர் அதட்டலாய் ஒரு வார்த்தை சொன்னதும் என்ஜினீயர் வாயை மூடிக்கொண்டார். இரண்டு விமானங்களிலுமாக 583 பேர் செத்தார்கள்.

இப்படிப்பட்ட விபத்துகளை ஆராய்ந்தவர்கள் பரிகாரம் செய்யவில்லை. புத்தியைச் செலவு செய்தார்கள். 1979-ல் அமெரிக்காவில் நாசா ஸ்தாபனத்தார் இதற்கென ஒரு மாநாடு கூட்டினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான், சின்னவர் வாய் திறக்கவும் பெரியவர் காது கொடுக்கவும் கற்பிக்கும் பயிற்சி. இன்று உலகெங்கும் விமானிகளுக்கு அது கட்டாயம். ஆபத்து வந்தவுடன் எப்பேர்ப்பட்ட மனிதனுக்கும் நெஞ்சு படபடக்கும். கண் ஒரே விளக்கைப் பார்க்கும். கை தப்பானதைத் தொடும். ஆகவேதான் ஒருவர் ஓட்ட, மற்றவர் அச்சிட்ட பட்டியலை ஒவ்வொன்றாய்ப் படித்துச் சரிபார்க்க வேண்டுமென்று ஏற்பாடு. தரையிலேயே போலி விமானத்தில் உட்காரவைத்து, இல்லாத பழுதை உண்டாக்கிப் பழக்குகிறார்கள். திருச்சி விமானத்தின் துணை விமானி ஒரு பெண் என்பதையும், அடுப்பங்கரைக்கு மேல் பெண்ணுக்குப் புத்தி போகாது என்று பேசும் நண்பர்கள் தயவுசெய்து கவனிக்க.

இவ்வளவையும் கேட்ட பெரியவர், "அதுக்காகச் சின்னப் பையன் பெரியவர் கையிலிருந்து பிடுங்கறதா, தம்பி?" என்றார்.

"ஆமாம், அய்யா. இரண்டு தடவை சொல்லிப் பதிலில்லையென்றால், மூன்றாவது வார்த்தைக்குக் காத்திராமல் பிடியை வாங்கிக்கொள் என்றுதான் அங்கே பாடம் நடத்துகிறார்கள்" என்றோம்.