பாளையங்கோட்டைக்குக் குடிபோனால்தான் படிப்பா?

மே மாதம் பிறந்துவிட்டால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர்ப் பக்கம் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஒரே விசாரிப்புதான். “என்னண்ணே, பையனை இன்னும் இங்கேயேவா வச்சிருக்கிய? எப்பம் பாளையங்கோட்டைக்கு வரப்போறிய?” கேட்பவர் அக்கறையோடுதான் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியவருக்கோ அன்று இரவு தூக்கம் போய்விடுகிறது. அடுத்த சில நாளில் பெருமாள்புரத்திலோ மகாராஜ நகரிலோ கே.டி.சி. நகரிலோ ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, சொந்த வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். பிள்ளை படிக்க வேண்டுமென்றால் பாளையங்கோட்டைக்குக் குடிபோய்த்தான் ஆக வேண்டும் என்பது தாமிரபரணிக் கரையில் யாரும் மறுத்துப் பேசாத நம்பிக்கை. அது தவறான நம்பிக்கை. குடும்பத்தைக் கடனில் தள்ளுகிறது, பிள்ளையின் நேரத்தைத் தின்கிறது, ஆற்றங்கரை ஊர்களின் நல்ல பள்ளிகளை வகுப்பு வகுப்பாகக் காலிசெய்கிறது.

பாளையங்கோட்டையின் பெருமை பொய்யில்லை. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்ற பெயர் அதற்குச் சும்மா வரவில்லை. சாராள் தக்கர், தூய யோவான், 1923-இல் தொடங்கிய தூய சவேரியார் என்று கல்லூரிகளின் வரிசை மட்டுமே அந்தப் பெயருக்குப் போதும். ஆனால் அந்தப் பெருமை எப்படி உருவானது என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், ஊரையெல்லாம் தன்னிடம் வரச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். 1827-இல் டோனாவூர் என்ற ஊரே அப்படித்தான் எழுந்தது. மேற்படிப்புக்குப் பாளைக்கு வந்த பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தார்கள், விடுமுறைக்கு ஊர் திரும்பினார்கள். அப்பா வயலோடும் கடையோடும், அம்மா தன் சுற்றத்தோடும் ஊரிலேயே இருந்தார்கள். ஒரு பிள்ளையின் ஆறாம் வகுப்புக்காகக் குடும்பத்தையே பெயர்த்தெடுத்துக்கொண்டு போவது அண்மைக்காலத்து வழக்கம்.

ஆற்றங்கரை ஊர்க்காரர்களும் பாளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. அம்பாசமுத்திரத்தில் சிங்கம்பட்டி ஜமீன் வழிப் பெயரைத் தாங்கி நிற்கிறது தீர்த்தபதி மேல்நிலைப் பள்ளி. கல்லிடைக்குறிச்சியில் திலகர் வித்யாலயா இருக்கிறது. சிவசைலத்து அம்மன் பெயரில் ஆழ்வார்குறிச்சியில் ஸ்ரீ பரமகல்யாணி பள்ளி இருக்கிறது, அதே பெயரில் கல்லூரியும் இருக்கிறது. தங்கள் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகாமல் படிக்க வேண்டும் என்று நினைத்த மனிதர்களின் பணமும் உழைப்பும் இவை. இன்று அந்த ஊர்களின் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே இந்த வாசல்களைத் தாண்டிப் பாளைக்கு வேனில் போகிறார்கள்.

பெற்றோர் பலர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத இன்னொன்று இருக்கிறது. 2020-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டப்படி, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறும் பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு உண்டு. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. அந்த இடங்களில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மகள் டாக்டராக வேண்டும் என்பதற்காக அம்பை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து பாளை தனியார் பள்ளியில் சேர்க்கும் தகப்பன், அந்த மகளுக்கு இருந்த இந்த வாசலைத் தன் கையாலேயே அடைக்கிறார். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் பின்னர் அது நீட்டிக்கப்பட்டது. 2024-இல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. ஐந்தாம் வகுப்பு முடிகிறபோது எடுக்கும் முடிவு இத்தனையையும் தீர்மானிக்கிறது. வீட்டுத் தரகரிடம் இரண்டு மணி நேரம் பேசுகிறவர்கள் இதைப் பற்றிப் பத்து நிமிடம் விசாரிப்பதில்லை.

“பாளையில ரிசல்ட் நல்லா வருதே” என்பார்கள். வரும். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களாகப் பார்த்துப் பதினொன்றில் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கு நல்ல ரிசல்ட் வராமல் எங்கே போகும்? எண்பது மதிப்பெண்ணோடு உள்ளே வந்தவரைத் தொண்ணூறுக்கு உயர்த்துவதும், முப்பத்தைந்தோடு வந்தவரை எழுபதுக்கு ஏற்றுவதும் ஒரே வேலையல்ல. இரண்டாவதைச் செய்கிற ஆசிரியர்கள் ஆற்றங்கரைப் பள்ளிகளில் அதிகம், அவர்கள் படம் எந்தத் தட்டியிலும் வருவதில்லை. பொதுத்தேர்வில் மாநில முதலிடப் பட்டியல் வெளியிடும் வழக்கத்தை அரசே 2017-இல் விட்டுவிட்டது. பள்ளிகளின் ஃப்ளெக்ஸ் தட்டிகள்தான் அதை விட்டுவிட மறுக்கின்றன.

இதைவிடக் கவனிக்க வேண்டிய காட்சி காலை ஏழரை மணிக்கு நடக்கிறது. செங்கோட்டைப் பக்கமிருந்து திருநெல்வேலிக்கு வரும் பாசஞ்சரில் பள்ளிப் பைகளோடு பிள்ளைகள் அடைந்து வருகிறார்கள். சேரன்மகாதேவி தாண்டினால் நிற்க இடமில்லை. அதே வேளையில் பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் பஸ்களில் சாப்பாட்டுக் கூடையும் விடைத்தாள் கட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஆசிரியர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள். ஆற்றங்கரைப் பள்ளிகளில் பாடம் நடத்துகிறவர்களில் பலர் பாளையில் குடியிருப்பவர்கள். அவர்களும் தங்கள் பிள்ளைகளுக்காகக் குடிவந்தவர்கள்தான். மாணவர் கிழக்கே, ஆசிரியர் மேற்கே. ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர் சாலையில் இரு சாராரும் தினமும் ஒருவரையொருவர் கடந்துபோகிறார்கள்.

வேனிலும் ரயிலிலும் அலைய வேண்டாமென்றுதான் குடிபெயர்கிறோம் என்பவர்களும் உண்டு. அப்போது அலைச்சல் பிள்ளையிடமிருந்து அப்பாவுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை, அம்பையில் கடை, கல்லிடையில் அப்பளத் தொழில், அல்லது நாலு ஏக்கர் நெல். நெல் காத்திருக்காது. பள்ளி திறக்கும் ஜூனில்தான் கார் சாகுபடிக்கு அணை திறக்கும். அரையாண்டுத் தேர்வு வரும்போது பிசானப் பயிர் வயலில் நிற்கும். அப்பா இரவு எட்டரைக்குப் பாளை வீட்டுக்கு வந்து சேரும்போது பிள்ளை டியூஷன் முடித்து அரைத்தூக்கத்தில் இருக்கிறது. சூரிக் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் புரூனோ ஃபிரையும் அலோய்ஸ் ஸ்டட்சரும் ஜெர்மன் குடும்பங்களின் தரவுகளை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். நல்ல வீடு, நல்ல சம்பளம் என்று ஈடு கிடைக்கும் என நம்பித்தான் மனிதர்கள் நீண்ட பயணத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் பயண நேரம் கூடக்கூட வாழ்க்கையில் நிறைவு குறைகிறது, எதிர்பார்த்த ஈடு வந்து சேர்வதில்லை. அம்பை பஸ்ஸில் மாலை நின்றுகொண்டே வரும் அப்பாக்களின் முகத்தைப் பார்த்தாலும் இது தெரியும்.

சரி, வெளியூரிலிருந்து மாற்றலாகித் திருநெல்வேலிக்கே வருகிறவர்கள்? வங்கி அலுவலரும் பேராசிரியரும் மருத்துவரும் யோசிக்காமல் பாளையில்தான் வீடு பார்க்கிறார்கள். ‘ஒரே மாநகராட்சிதானே’ என்ற நினைப்பு. 1994-இல் மாநகராட்சியானபோது திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் ஒரு பெயருக்குள் வந்தன. நடுவே ஓடும் ஆறு அப்படியேதான் ஓடுகிறது. சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டு 1843-இல் கட்டி முடித்த பாலத்தின் வழியாகத்தான் இன்றும் இரு கரைகளின் பெரும்பாலான போக்குவரத்து நடக்கிறது. ஜங்ஷன் பேருந்து நிலையத்தை 2018-இல் மூடிப் பல ஆண்டுகள் திறக்காமல் போட்டபோது அந்தப் பாதையில் பிள்ளைகள் பட்ட பாடு ஊரறியும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருப்பது அபிஷேகப்பட்டியில், ஊருக்கு மேற்கே. அங்கே வேலை கிடைத்தவர் பாளையில் குடியேறினால் தினமும் நகரம் முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டும். பேட்டையிலோ டவுனிலோ இருந்தால் அந்த நேரம் மிச்சம். அந்தக் கரையில் பள்ளி இல்லையா? பாரதி படித்ததும் வ.உ.சி. படித்ததும் அந்தக் கரையில்தான்.

வாசலில் பள்ளி இருக்கிறதா என்று கேட்பவர்கள் வாசலில் தண்ணீர் வருமா என்று கேட்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. நகரத்தின் புதிய பேருந்து நிலையமே வேய்ந்தான்குளத்தை ஒட்டி நிற்கிறது. ‘பள்ளிக்கு ஐந்து நிமிடம்’ என்று விற்கப்படும் மனை பாளையங்கால்வாயின் பாசனக் குளத்திலா, அதன் உபரிநீர் ஓடையிலா என்பதைப் பழைய வரைபடத்தில் பார்க்காமல் பத்திரம் பதிவது விபரீதம்.

பாளையங்கோட்டைக்கு வந்தே ஆக வேண்டிய பிள்ளைகள் உண்டு. காது கேளாத பிள்ளைகளுக்காக ஃபிளாரன்ஸ் சுவைன்சனும், பார்வையற்ற பிள்ளைகளுக்காக ஆஸ்க்வித் அம்மையாரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளிகள் அங்கேதான் இருக்கின்றன. அத்தகைய பிள்ளையின் பெற்றோர் எந்தத் தூரத்திலிருந்து குடிபெயர்ந்தாலும் அது நியாயம். அவர்களுக்குப் பள்ளியருகே வாடகைக்கு வீடு கிடைக்க வேண்டும். ஊரில் நல்ல பள்ளி இருந்தும் பெருமைக்காக வந்தவர்கள் வாடகையை ஏற்றி வைத்திருப்பதால் அதுவும் கடினமாகிறது.

உள்ளூர்ப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் இல்லை, ஆய்வகம் திறப்பதில்லை என்பவர்கள் சொல்வது பல இடங்களில் உண்மை. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தக் குழுவின் கூட்டத்துக்கு ஒருமுறை போய் உட்காரலாம். எந்தப் பணியிடம் எத்தனை மாதமாகக் காலி என்று எழுதி வாங்கலாம். ஐம்பது பெற்றோர் கையெழுத்தோடு திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். பதில் வரவில்லையென்றால் அடுத்த திங்களும் போகலாம்; கல்லிடையிலிருந்து கொக்கிரகுளத்துக்கு பஸ் இருக்கிறது.