மாத்திரையோடு நாலு வார்த்தை

தலைப்பைப் பார்த்ததும் மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மருந்துக்கடைக்குப் போகாதவர் நம்மில் யார்?

எங்கள் டி.பார்ம். படிப்பில் மனநோய்க்கான மருந்துகள் வருகின்றன. டயசிபாம் எந்த வகை, லித்தியம் எதற்கு, குளோர்புரோமசின் என்ன பக்கவிளைவு தரும் என்பதையெல்லாம் பரீட்சைக்கு முந்தின ராத்திரி உருப்போட்டு எழுதிவிடுகிறோம். அந்த மாத்திரையை வாங்க வருகிறவரிடம் என்ன பேசுவது? அதற்கு மார்க் இல்லை. எனவே யாரும் கவலைப்படுவதும் இல்லை.

டாக்டரை நோயாளி மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம். நடுவில் சந்தேகம் வந்தால் கேட்பது கடைக்காரரிடம்தான். பலர் வெட்கப்பட்டு, சீட்டை நாலாய் மடித்து வேறு யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். "பத்து நாளா சாப்பிடுறான், ஒண்ணும் கேக்கலியே, நிறுத்திடலாமா?" என்பார் ஓர் அம்மா. மனச்சோர்வுக்கான ஃப்ளுவாக்ஸிடின் போன்ற மருந்துகள் பலன் காட்டவே சில வாரங்கள் ஆகும். இதைச் சொல்ல ஆளில்லாவிட்டால் அந்தப் பையனின் வைத்தியம் அன்றோடு சரி! லித்தியம் சாப்பிடுகிறவர் முழங்கால் வலிக்கு இபுப்ரோஃபென் கேட்டால், சும்மா எடுத்து நீட்டிவிட முடியுமா? ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகக்கூடும்.

ஆகவே மனநலத்தை ஆன்லைனில் ஒரு விருப்பப் பாடமாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. 2020 ஒழுங்குமுறைப்படி எங்களுக்கு எல்லாமே கட்டாயப் பாடம்தான். பார்மஸி கவுன்சில் மனசு வைத்து இடம் தர வேண்டும். ஆன்லைன் ஏன் என்றால், ஊருக்கு ஊர் மனநல மருத்துவர் வந்து வகுப்பெடுப்பது நடக்காத காரியம். கீழ்ப்பாக்கத்திலோ பெங்களூரு நிம்ஹான்ஸிலோ இருப்பவர் ஒருமுறை பேசினால் எல்லாக் கல்லூரிக்கும் போய்ச் சேரும். ஸ்வயம் தளம் 2017-லிருந்தே இருக்கிறது.

ஆனால் ஒன்று. வீடியோவை ஓடவிட்டுக் கேன்டீனுக்குப் போய் டீ குடித்து வந்து, நாலு விடையில் ஒன்றைத் தட்டிச் சான்றிதழ் வாங்குகிற பாடமென்றால் வேண்டவே வேண்டாம். ஒருவர் கடைக்காரராகவும் இன்னொருவர் அந்த அம்மாவாகவும் போனில் ஐந்து நிமிஷம், தமிழில், பேசிப் பதிவுசெய்து அனுப்பட்டும். ஆசிரியர் கேட்டுத் திருத்தட்டும். நோயிலிருந்து தேறிய ஒருவரும் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். அதைக் கேட்டவன் வாயில் 'பைத்தியம்' என்ற சொல் அவ்வளவு சுலபமாய் வராது.

"இருக்கிற சிலபஸே முடியலை, இதுவேறயா?" என்கிறீர்களா? கடை சாத்துகிற நேரத்தில், சீட்டே இல்லாமல் ஒருவர் வந்து ஒரு அட்டை அல்பிரசோலம் கேட்கிறார் என்று வையுங்கள். அது அட்டவணை எச்-1 மருந்து. சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது. அது நமக்குத் தெரியும். "இல்லைங்க" என்று ஷட்டரை இறக்கிவிடுவதா? அல்லது "தூக்கம் வந்து எத்தனை நாளாச்சுண்ணே?" என்று கேட்டு, அவர் சொல்வதைக் கேட்டு, 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எழுதிக் கொடுத்து, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பதா? இந்த இரண்டாவதை எங்களுக்கு இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை.

— இரண்டாமாண்டு டி.பார்ம். மாணவன்