கோல் முறிந்தது, குடி தழைத்ததா?

கொடுங்கோலன் ஓடிவிட்டால் நாடு தானே நலம்பெறும் என்று நம்புவோர், சோமாலியாவை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1969-இல் படைவலியால் ஆட்சியைப் பற்றிய சியாது பாரே, 1972-இல் சோமாலி மொழிக்கு இலத்தீன் எழுத்து வடிவம் தந்து, அதனை ஆட்சிமொழியும் ஆக்கினான். போற்றத்தக்க செயலே! ஆனால், அம்மொழி பேசிய மக்களையே குடிப்பிரிவுகளாகக் கூறுபோட்டு, ஒன்றன்மேல் ஒன்றை ஏவினான். 1988-இல் தன் நாட்டு நகராகிய அர்கெய்சாவையே வானூர்திகளால் குண்டெறிந்து தகர்த்தான். 1991 சனவரியில் தலைநகர் மொகதிசுவை விட்டு ஓடினான்.

பின் நிகழ்ந்தது என்ன? அவனை விரட்டிய ஒரே இயக்கத்தைச் சேர்ந்த அலி மகுதியும் ஐதீதும் ஆட்சிக் கட்டிலுக்காகத் தம்முள் பொருதனர். இருவர்க்கும் மொழி ஒன்று, சமயம் ஒன்று, பெருங்குடியும் ஒன்று! எனினும் தலைநகர் இரண்டாகப் பிளந்தது. 1992-இல் பசி இலக்கத்திற்கும் மேற்பட்டோரை மாய்த்தது. வெளிநாடுகள் அனுப்பிய உணவையும் படைக்கலம் ஏந்தியோர் கொள்ளையிட்டனர்.

வடக்கிலோ, 1991 மே திங்களில் தனியரசு அறிவித்த மக்கள் வேறு வழி கண்டனர். அங்கும் பூசல்கள் எழாமல் இல்லை. ஆயினும் 1993-இல் போராமா நகரில் குடிமூத்தோர் திங்கள்கணக்கில் கூடிப் பேசி ஓர் அரசை அமைத்தனர். அவ்வரசை உலகம் நெடுங்காலம் ஏற்கவில்லை. எனினும் அது நிலைத்தது.

கோலை முறிக்க ஒருநாள் போதும். கொடியவன் விதைத்த பகையை வேரறுப்பதே விடுதலை!