சொன்னவண்ணம் செய்த பெட்டி

திருமழிசை என்றதும் ஆழ்வார் ஞாபகம் வந்தால் நீங்கள் பக்திமான். சிட்கோ எஸ்டேட் ஞாபகம் வந்தால் என் கட்சி.

அங்கே நண்பனின் பட்டறையில் பிளாஸ்டிக் பை ஒட்டும் மெஷின் ஒன்று. அதன் பி.எல்.ஸி. மண்டையைப் போட, வேறு கம்பெனி பெட்டி வாங்கி வைத்திருந்தான்.

"சாயங்கால கோர்ஸ் படிச்சியேடா, புரோகிராம் போட்டுக் குடு!"

பி.எல்.ஸி. என்பது, எந்த ஸ்விட்சைத் தட்டினால் எது ஓட வேண்டும் என்று தீர்மானிக்கிற பெட்டி. முன்பு ஒரு பீரோ நிறைய ரிலேக்கள் செய்த வேலை. 1968-ல் அமெரிக்காவில் டிக் மார்லி கோஷ்டிக்கு உதித்த யோசனை. அவர்களுடைய 84-வது பிராஜெக்ட் என்பதால் முதல் மாடலின் பெயரே 084. எலக்ட்ரீஷியன்கள் மிரளக்கூடாதே என்று, அவர்கள் பழகிய ரிலே படத்தையே புரோகிராம் ஆக்கினார்கள். ஏணி மாதிரி இருக்கும், பெயரும் 'லேடர்'.

ஏணி எல்லாக் கம்பெனியிலும் ஏணிதான். படிகளின் பெயர்தான் வேறு. நான் படித்த ஸீமென்ஸில் உள்ளே வருவது 'ஐ', வெளியே போவது 'க்யூ'. இவன் வாங்கிய மிட்ஸுபிஷி எஃப்.எக்ஸில் 'எக்ஸ்', 'ஒய்'. அதிலும் எக்ஸ்7-க்கு அடுத்தது எக்ஸ்10. எட்டு, ஒன்பது கிடையவே கிடையாது! பி.காம். மூளை, டாலி ஆகாத பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்த மாதிரி தவித்தது.

ஒருவழியாக முடித்தேன். பட்டனைத் தட்டிவிட்டுப் பையை வைக்க ஐந்து விநாடி. பிறகு சூடான தாடை மூட வேண்டும். டைமர் நம்பர் ரவுண்டாக இருக்கட்டுமே என்று டி200. கணக்கு 50. அதாவது ஐம்பது தடவை பத்தில் ஒரு விநாடி. சரிதானே?

ஆபரேட்டர் பெரியவர் மட்டும், "இரு தம்பி, கை வைக்கறதுக்கு மின்ன சும்மா ஒரு தபா ஓட்டிப் பாத்துரலாம்" என்றார்.

ஓட்டினோம். பட்டனைத் தட்டியதும்... டப்! அரை விநாடி. பெரியவர் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

ராத்திரி மானுவலைப் பிரித்தேன். அந்த மாடலில் டி0 முதல் டி199 வரைதான் பத்தில் ஒரு விநாடிக் கணக்கு. டி200-லிருந்து நூறில் ஒரு விநாடி. மெஷின் மேல் தப்பே இல்லை. நான் நினைத்ததைச் செய்யவில்லை, சொன்னதைச் செய்தது.

சீடனை ராஜா ஊரை விட்டு விரட்டியபோது, திருமழிசை ஆழ்வார் காஞ்சிபுரம் பெருமாளையும் கிளம்பச் சொன்னார். அவர் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கூடவே நடந்தாராம்; திரும்பச் சொன்னதும் வந்து படுத்தாராம். அதனால்தான் சொன்னவண்ணம் செய்த பெருமாள். இந்தப் பெட்டியும் அதே ரகம். ஒரே வித்தியாசம்: அங்கே சொன்னவர் ஆழ்வார், இங்கே சொன்னவன் நான்!

இப்போது டைமரை எடுத்தாயிற்று. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் தாடை மூடும். அதுவும் என் புரோகிராமை நம்பாமல், தனி சேஃப்டி ரிலே வழியாக.

பெரியவர் இன்னமும் தினம் காலையில் ஒரு தபா சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையைத் தொடுகிறார்.