மூத்தம்மாவின் இடுப்பு முறிந்தால்



ஊரில் ஒரு மூத்தம்மா விழுந்து இடுப்பு முறிந்தால் வீட்டுப் பேச்சு எப்போதும் ஒன்றுதான். "எண்பது தாண்டிட்டு, இனி எதுக்கு ஒப்பரேஷன்? கட்டில்லயே கிடக்கட்டும், நாம பாப்பம்." அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் இந்த முறிவில் கட்டில்தான் ஆளைக் கொல்கிறது.

தொடை எலும்பின் மேல்பக்கம், கழுத்துப் போல ஒடுங்கிய இடத்தில் உடைந்து விலகினால், உருண்டைக்கு இரத்தம் போவது தடைப்படும். வயதானவர்களுக்கு அது தானாகப் பொருந்துவது அரிது. எண்ணெய்க் கட்டுக்கும் பொருந்தாது. (முறிவு நெரிவு வைத்தியர்களைக் குறை சொல்லவில்லை. மணிக்கட்டு வேறு, இது வேறு.) அசையாமல் கிடந்தால் படுக்கைப்புண், நியூமோனியா, காலில் இரத்தக்கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். அதனால்தான் உடைந்த உருண்டையை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைக்கிறார்கள். சற்றுக் கீழே உடைந்திருந்தால் கம்பியோ தகடோ போதும். எதுவானாலும் ஓரிரு நாளுக்குள் செய்வதே நல்லது. பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நிற்க வைப்பார்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். சத்திரசிகிச்சை செய்தும் ஒரு வருடத்துக்குள் மௌத்தாகிறவர்கள் பலர். இதய வருத்தம், சீனி வருத்தம் இருந்தால் டொக்டர் பார்த்துச் சொல்லட்டும். வயதை மட்டும் காட்டி நாமே தீர்ப்பெழுத வேண்டாம். இங்கிலாந்து எலிசபெத் மகாராணியின் தாயார் 1998 இல் விழுந்து இடுப்பு முறிந்தபோது வயது 97. மூட்டை மாற்றினார்கள். 101 வயதுவரை இருந்தார்.

பெரியவர்கள் வெளியில் சொல்லாத பயம் ஒன்றும் உண்டு: "இனி சுஜூது செய்ய ஏலாதே." ஏலாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. பள்ளியில் கதிரையில் தொழுகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம்தானே.

விழுந்தவரை ஓட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள். 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். (அந்த இலக்கம் நம் மூத்தம்மாமாருக்கு வேறொன்றை ஞாபகப்படுத்தும். அந்த ஒக்டோபரில் வடக்கைவிட்டு நடந்த கால்கள்தான் இப்போது முறிகின்றன.) அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணமில்லை.

பள்ளி நிர்வாகங்களிடம் ஒரு கோரிக்கை. ஜனாஸாவுக்குச் சந்தூக்கு வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே ஒரு வோக்கர், ஒரு கொமட் கதிரை, ஒரு சக்கர நாற்காலி வைத்தால் வீடு திரும்புகிறவருக்கு இரவல் கொடுக்கலாம். குந்தி இருக்கும் மலசலகூடம்தான் அவருக்கு முதல் கஷ்டம். நோன்புக்கு முன் வாங்குவதென்றால் என் பங்கை இன்றே தருகிறேன்.