மனசு லேசாச்சா என்று யாரிடம் கேட்கிறீர்கள்?

படமெடுப்பது ஒரு சிகிச்சை, சொந்தக் கதையைச் சொன்னால் மனக்காயம் ஆறும் என்ற பேச்சு இப்போது கல்லூரிப் பட்டறைகளிலிருந்து யூடியூப் நேர்காணல்கள் வரை பரவியிருக்கிறது. ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்த ஒருவர் தன் ஊரைப் படமாக்கினால் போதும், 'எடுத்து முடிச்சதும் மனசு லேசாச்சா?' என்ற கேள்வி தயாராக இருக்கிறது. கேட்பவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார். ஆனால் அந்தக் கேள்வி காயத்தை மட்டுமே பார்க்கிறது. வெட்டியவர் யார் என்று கேட்பதில்லை.

'வாழை' (2024) மாரி செல்வராஜ் தன் சிறுவயதிலிருந்து எடுத்த கதை. வாழைத்தார் சுமக்கப் போனவர்கள் லாரி கவிழ்ந்து செத்துப்போகிறார்கள். படத்தைப் பார்த்துப் பலர் அழுதோம். அந்தச் சிறுவனின் துயரத்தைப் பற்றி நிறைய எழுதினோம். அந்த லாரியில் அவர்கள் ஏன் ஏறினார்கள் என்பதையும் படம் சொல்கிறது. கூலி உயர்வு கேட்கிறார்கள், வியாபாரி வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொள்கிறார். கூட்டிக்கொடுத்த காசை வேறு வழியில் மிச்சம் பிடிக்க வேண்டுமே! ஆட்களுக்குத் தனி வண்டி கிடையாது, தார் ஏற்றிய லாரியிலேயே போகட்டும் என்றாகிறது. இவ்வளவையும் பார்த்துவிட்டு 'சைல்ட்ஹுட் ட்ராமா' என்று எழுதுவது, புகார் கொடுக்க வந்தவரை மனநல மருத்துவரிடம் அனுப்பும் காவல் நிலையத்தின் வேலை.

நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் 'ஃபன்ட்ரி'யில் (2013) ஒரு குடும்பம் பன்றி பிடிக்க ஓடுவதை ஊரே உட்கார்ந்து பார்த்துச் சிரிக்கிறது. கடைசியில் சிறுவன் ஜப்யா எறியும் கல் திரையை நோக்கி, நம்மை நோக்கி வருகிறது. கல்லெறிந்ததில் ஜப்யாவுக்கு ஆறுதல் கிடைத்ததா என்று யாராவது கேட்பார்களா? கேட்பார்கள், எதற்கும் சொல்லிவைக்கிறேன்.

கதை சொல்வதில் நிம்மதியே இல்லை என்பதல்ல என் வாதம். இதுவரை அடுத்தவர் எடுத்த படத்தில் கூட்டத்தில் ஒருவராக நின்றவர், கேமராவைத் தானே பிடித்து எதைக் காட்டுவது, எங்கே வெட்டுவது என்று முடிவுசெய்யும்போது நிச்சயம் ஏதோ நிமிர்கிறது. அந்த நிமிர்வைத் தருவது முடிவெடுக்கும் அதிகாரம். பட்டறைகள் முதலில் பிடுங்குவதும் அதைத்தான்.

நான் ஆய்வு செய்யும் வளாகத்தில் அப்படியொரு பட்டறை நடந்தது. முதல் தலைமுறை மாணவர்கள் தங்கள் வலியைச் செல்போனில் மூன்று நிமிடப் படமாக எடுக்க வேண்டும். அப்போது எங்களில் பலருக்கு உதவித்தொகை வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கைடு கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்ததைப் படமாக்கிய மாணவியிடம், 'ஆளைச் சொல்லாதம்மா, ஃபீலிங்கை மட்டும் சொல்லு' என்றார்கள். ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டிலேயே யுஜிசி விதி வகுத்தது. எங்கள் வளாகத்தில் அவர் யார் என்று விசாரித்தால் மூன்று அறைகளைக் கைகாட்டுகிறார்கள். மூன்றும் பூட்டியிருக்கின்றன. பட்டறை நடந்த அரங்குக்கு மட்டும் ஏசி.

பட்டறை நடத்துங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? எடுத்தவரிடமே படத்தின் உரிமை இருக்கட்டும். ஆளைச் சொல்லவும் விடுங்கள். திரையிடும் நாளில் துறைத்தலைவரையும் கைடுகளையும் முதல் வரிசையில் உட்கார வையுங்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் மைக்கை அவர்களிடம் நீட்டுங்கள்.