ஒட்சிசன் கப்பலில் வந்தது. நெடுந்தீவுக்கு எப்படிப் போகும்?

2021 ஓகஸ்ட் மாதத்தை இலகுவில் மறக்க முடியாது. டெல்டா அலையில் நாட்டின் வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தன. விசாகப்பட்டினத்திலிருந்து 100 தொன், சென்னையிலிருந்து 40 தொன் என்று திரவ ஒட்சிசன் கப்பல்களில் கொழும்புக்கு வந்தது. நாடு சற்று மூச்சு விட்டது.

ஆனால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீற்றர். அந்த ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபோது குடாநாடு எப்படித் தவித்தது என்பது எமக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துக்கு வந்த பிறகும் பயணம் முடிவதில்லை. நெடுந்தீவில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால், படகில் கடல் கடந்து குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை.

கணக்கு எளிது. 6,800 லீற்றர் கொள்ளும் பெரிய சிலிண்டர் ஒன்று, நிமிடத்துக்கு 10 லீற்றர் கொடுத்தால் சுமார் 11 மணித்தியாலம் தாங்கும். கடும் நோயாளிக்கு 60 லீற்றர் கொடுத்தால் இரண்டு மணித்தியாலம்கூடத் தாங்காது.

காற்றிலிருந்தே ஒட்சிசனைப் பிரித்தெடுக்கும் செறிவாக்கி இயந்திரம் தீவுகளுக்குப் பொருத்தமானது. கடும் நோயாளிக்கு அது போதாது; ஆனால் ஆஸ்துமா நோயாளியையோ பச்சிளம் குழந்தையையோ படகு வரும்வரை தாங்கிப் பிடிக்க உதவும். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நினைத்துப் பாருங்கள். மின்பிறப்பாக்கி இருந்தும் டீசல் இல்லாவிட்டால், இயந்திரம் வெறும் பெட்டிதான்.

கொவிட் காலத்தில் பள்ளிவாசல்களும் ஆலயங்களும் வெளிநாட்டு உறவுகளும் இத்தகைய இயந்திரங்களை வாங்கிக் கொடுத்தன. நல்ல காரியம். ஆனால் வடிகட்டியை யார் மாற்றுகிறார்கள்? வெளிவரும் ஒட்சிசனின் தூய்மையை யார் அளக்கிறார்கள்? கையளித்த நாளில் படம் எடுத்தோம். பிறகு போய்ப் பார்த்தோமா?

2023 மே மாதம் உலக சுகாதார சபை, மருத்துவ ஒட்சிசனை எல்லோருக்கும் கிடைக்கச் செய்யுமாறு நாடுகளைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. எமது அரசியல் பிரதிநிதிகள் சுகாதார அமைச்சிடம் கேட்க வேண்டியது இதுதான்: ஒவ்வொரு ஆதார, பிரதேச வைத்தியசாலையிலும் எத்தனை மணித்தியாலத்துக்கு ஒட்சிசன் கையிருப்பில் உள்ளது? அந்த எண்ணிக்கையை மாதந்தோறும் பகிரங்கப்படுத்துங்கள்.

அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மூச்சுத் திணறல் இன்றிரவும் வரலாம்.